துணை நிற்கும் விஷங்கள்

(புற்றணுக்களைச் சிகிச்சைக்கு வசப்படுத்தும் தாவரப் பொருள்கள் குறித்து நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பெற்றது)



தாவரங்களிலிருந்து கிடைக்கும் மருந்துகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று மட்டுமே அழைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். எல்லையை வகுத்துக்கொள்ளும் சுதந்திரத்தை எனக்கே விட்டிருந்தார்கள். அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்திக்கொண்டு, புற்றுநோயைத் தாமே தீர்த்துவிடுவதாகச் சொல்லப்படும் மூலிகைகளை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, வேறொரு மருந்தோ கதிர்வீச்சோ புற்றணுவைத் தாக்கும் வேளையில் அத்தாக்குதலுக்கு அவ்வணு எளிதில் ஆட்படும்படி செய்கிற தாவரப் பொருள்களை மட்டும் இன்றைய விஷயமாக எடுத்துக்கொண்டேன். மஞ்சள் முதல் திராட்சைத் தோல் வரையில் நம் சமையலறையில் உள்ள பொருள்களில் இப்பெருமை சூட்டப்படாத பொருள் அபூர்வமாகிவிட்ட காலம் இது. ஆகவே எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று நிதானித்துப் பார்ப்பதற்கு ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுவது வீணாகாது என்று எண்ணுகிறேன்.

நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து ஒன்றே. புற்றணுவைப் பணியச் செய்யும் சக்தி, வேம்பில் கசப்பு இருப்பதைப்போல ஒரு செடியிலோ அதன் சத்திலோ நிரந்தரமாகக் குடியிருக்கும் குணமன்று. எவ்வளவு, எப்போது, எதனோடு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே அச்சக்தி உண்டா, இல்லையா என்று சொல்ல முடியும். அதன் பிறகும் ஒரு நிபந்தனை உண்டு: புற்றணுவுக்கும் அதன் பக்கத்தில் குற்றமற்று வாழும் நல்ல அணுவுக்கும் வித்தியாசம் பாராட்டாமல் இரண்டையும் ஒருசேர வலுவிழக்கச் செய்யும் பொருள், சோதனைச் சாலையில் எவ்வளவு அற்புதமாகக் காட்சியளித்தாலும், நோயாளிக்குத் துணையாகாது.

1. அணுவின் வாயிலில் நிற்கும் பம்பு

புற்றணு மருந்துக்குப் பணியாமல் போவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதன்முதலில் தெளிவாகப் புலப்பட்ட காரணத்தைக் காட்டிக்கொடுத்ததே ஒரு தாவர விஷந்தான். நம் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் கோல்சிசின் என்ற பொருளை (மூலனூர்ப் பக்கத்து விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்று சொல்லி அச்செடியை விதைக்காகப் பயிரிடுகிறார்கள்) சீன ஹாம்ஸ்டர் என்னும் எலியினத்தின் சினைப்பை அணுக்களுக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்து, அதைத் தாங்கிப் பிழைத்த அணுக்களைத் தனியே வளர்த்து வந்தார்கள். அப்படிப் பிழைத்த அணுக்கள் கோல்சிசினை மட்டுமன்றி, அதுவரை தாம் சந்தித்தே இராத வேறு பல மருந்துகளையும் எதிர்த்து நின்றன. 1976 இல் டொராண்டோவில் ஜூலியானோவும் விக்டர் லிங்கும் அவ்வணுக்களின் புறச்சவ்வில் மிகுந்திருந்த ஒரு புரதத்தை அடையாளம் கண்டு, அதற்கு பி-கிளைக்கோபுரோட்டீன் என்று பெயரிட்டார்கள். உள்ளே வரும் மருந்தைப் பிடித்து வெளியே தள்ளும் பம்பு அது.

பம்பு இருக்கிறதென்று தெரிந்தவுடன் அதை அடைத்துவிட்டால் போதும் என்று தோன்றுவது இயற்கை. 1981 இல் ஜப்பானில் சுருவோவும் அவருடைய சகாக்களும், இதய நோய்க்கு வழங்கும் வெராபமிலைச் சேர்த்தபோது வின்கிரிஸ்டினுக்கு அசையாதிருந்த எலி ரத்தப்புற்றணுக்கள் மீண்டும் அதற்கு மடியத் தொடங்கியதைக் காட்டினார்கள். அந்த வின்கிரிஸ்டின், நம் வீட்டு வாசல்களிலும் கோயில் நந்தவனங்களிலும் பூக்கும் நித்தியகல்யாணியின் இலையிலிருந்து வந்தது. பம்பை அடைப்பதற்கோ தாவரங்களிலேயே ஆள் இருந்தது: சின்கோனாப் பட்டையின் குயினைன். மலேரியாவுக்கு நெடுங்காலமாகக் கொடுத்துப் பழகிய மருந்தாதலால், எவ்வளவு கொடுத்தால் மனிதன் தாங்குவான் என்பது வைத்தியர்களுக்கு நன்றாகவே தெரியும். பிரான்ஸ் தேசத்து மருத்துவர்கள் கடுமையான ரத்தப் புற்றுநோயில் மைட்டோசாந்த்ரோன், சைட்டராபின் ஆகிய மருந்துகளோடு குயினைனைச் சேர்த்தும் சேர்க்காமலும் சிகிச்சை செய்து, சீட்டுப் போட்டுப் பிரித்த இரண்டு கூட்டங்களாக நோயாளிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குயினைன் பெற்றவர்கள், கூட்டம் என்ற அளவில், மற்றவர்களைவிட அதிக காலம் வாழவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று? இந்தப் பம்பு புற்றணுவின் தனிச்சொத்து அன்று. குடலின் உட்சுவரிலும், பித்தநாளத்தின் ஓரங்களிலும், சிறுநீரகக் குழாய்களிலும், மூளைக்குச் செல்லும் நுண்ணிய ரத்தக் குழாய்களிலும் அது இருந்து, உணவோடு வந்து சேரும் விஷங்களை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது. உடல் முழுவதிலும் அதை அடைத்தால் புற்றுநோய் மருந்து எல்லா இடத்திலும் தேங்கும். தேங்கினால் மருந்தின் அளவைக் குறைத்தாக வேண்டும். குறைத்தால் புற்றணுவுக்குக் கிடைப்பது பழைய பங்குதான். பூஞ்சைப் பொருளிலிருந்து செய்த வால்ஸ்போடார் என்ற பம்படைப்பு மருந்தின் விஷயத்தில் இது அப்பட்டமாகவே நடந்தது. வெராபமில் அந்தக் கட்டத்துக்கும் போய்ச் சேரவில்லை. பம்பை அடைக்கத் தேவையான அளவு ரத்தத்தில் ஏறுவதற்குள் இதயம் தடுமாறத் தொடங்கிவிடும்.

2. உண்மையாகத் துணை நின்ற ஒரு மரப்பட்டை

எல்லாம் ஏமாற்றமே என்று நினைத்துவிட வேண்டாம். தாவரப் பொருளொன்று கதிர்வீச்சுக்குத் துணையாக நின்று மனித ஆயுளை நீட்டிய சிகிச்சைக்கு மறுக்க முடியாத ஓர் உதாரணம் இருக்கிறது. 1962 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் ஆர்தர் பார்க்ளே என்ற தாவர நூலறிஞர் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார். வட கரோலினாவில் மன்றோ வாலும், நம் நாட்டிலிருந்து சென்றவரான மன்சுக் வானியும் அதிலிருந்து டாக்சால் என்ற பொருளைப் பிரித்து, 1971 இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். அது அணுவினுள் என்ன செய்கிறது என்பதை 1979 இல் சூசன் ஹார்விட்ஸ் விளக்கினார். ஓர் அணு இரண்டாகப் பிரியும்போது இழைகள் தோன்றி, மரபுப் பொருளை இருபுறமும் இழுத்துக்கொடுத்துவிட்டுக் கலைந்துபோக வேண்டும். டாக்சால் அந்த இழைகளைக் கலைய விடுவதில்லை. ஆகவே அணு பிரியவும் முடியாமல், பழைய நிலைக்குத் திரும்பவும் முடியாமல் நடுவழியில் நின்றுவிடுகிறது.

இங்கேதான் விசேஷம் இருக்கிறது. அணுவின் வாழ்க்கைச் சுழற்சியில் எல்லாக் கட்டங்களும் கதிர்வீச்சுக்கு ஒரே மாதிரி ஆட்படுவதில்லை. பிரிவதற்குச் சற்று முன்னும் பிரிகின்ற தருணத்திலுமே அது மிகவும் பலவீனமாக இருக்கிறது. டாக்சால் அணுவைக் கொண்டுபோய் நிறுத்துவது சரியாக அந்த இடத்தில்தான்.

நெதர்லாந்தில் நடந்த கிராஸ் என்ற பரிசோதனை 2012 இல் வெளியாயிற்று. உணவுக்குழாயிலும், அது இரைப்பையோடு சேரும் இடத்திலும் புற்று வந்த 366 பேரில் ஒரு பாதியினருக்கு நேரே அறுவைச் சிகிச்சை. மறுபாதியினருக்கு ஐந்து வார காலம், வாரம் ஒருமுறை சிறிய அளவில் டாக்சாலும் கார்போபிளாட்டினும், கூடவே 23 தவணைகளில் 41.4 கிரே கதிர்வீச்சும் கொடுத்து, அதன் பிறகு அறுவைச் சிகிச்சை. முதற்கூட்டத்தாரின் இடைநிலை ஆயுள் 24 மாதம். இரண்டாங் கூட்டத்தாருக்கு 49.4 மாதம். முன்சிகிச்சை பெற்று அறுவை செய்துகொண்டவர்களில் 29 சதவீதத்தினருக்கு, வெட்டியெடுத்த பகுதியை நுண்ணோக்கியில் வைத்துத் தேடியும் ஒரு புற்றணுகூட அகப்படவில்லை.

அளவைக் கவனியுங்கள். டாக்சாலைத் தனியே புற்றுக்கொல்லியாகக் கொடுக்கும்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை, உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு. இங்கே ஒவ்வொரு தடவையும் கொடுத்தது 50 மில்லிகிராம். கொல்வதற்கு வேண்டிய அளவு வேறு. துணை நிற்பதற்கு வேண்டிய அளவு வேறு. கதிர்வீச்சோ புற்று இருக்கும் இடத்தை மட்டும் குறிவைத்து விழுவது. ஆகையால் மருந்து உடலெங்கும் பரவினாலும் இரண்டும் சந்திக்கும் இடம் பெரும்பாலும் அந்தக் கட்டியாகவே இருக்கிறது. குயினைனுக்குக் கிட்டாத நல்வாய்ப்பு இது. கண்டிப்பான தர்க்கவாதி ஒருவர் எழுந்து, இப்பரிசோதனையில் டாக்சாலின் பங்கு எவ்வளவு, கார்போபிளாட்டினின் பங்கு எவ்வளவு, கதிரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டவில்லையே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே, பரிசோதனை அதற்காக ஏற்பட்டதன்று. ஆனால் அணுவினுள் நிகழ்வதைப் பற்றிய அறிவும் நோயாளியின் ஆயுளும் ஒரே திசையைக் காட்டும் உதாரணங்கள் அதிகம் கிடைப்பதில்லை என்பதால், நான் இதைப் பெரிதும் மதிக்கிறேன்.

3. மஞ்சளும் மிளகும்

இனி எல்லோரும் எதிர்பார்த்திருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின், புற்றணுவைக் காப்பாற்றும் என்.எஃப்.-கப்பா பி என்ற உட்சமிக்ஞையை அடக்கி, அதனால் பல மருந்துகளுக்கும் கதிர்வீச்சுக்கும் அவ்வணுவை இளக்குகிறது என்று எழுதப்பட்ட கட்டுரைகள் ஒரு நூலகத்தையே நிரப்பும். அவற்றைப் பொய்யென்று சொல்ல நான் வரவில்லை. அவை எங்கே உண்மை என்பதுதான் கேள்வி.

சோதனைச் சாலையில் இதைப் பார்க்கும் முறையைச் சற்றுக் கிட்ட நின்று கவனிப்போம். உள்ளங்கையகலமான பிளாஸ்டிக் தட்டில் 96 சிறு குழிகள். ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் புற்றணுக்கள். முதல் வரிசையில் மருந்து மட்டும், அடுத்த வரிசையில் குர்குமின் மட்டும், அதற்கடுத்த வரிசையில் இரண்டும் சேர்ந்து. இரண்டொரு நாள் கழித்து மஞ்சள் நிறமான ஓர் உப்பைச் சேர்த்தால், உயிருள்ள அணுக்கள் அதை ஊதாநிறப் படிகமாக மாற்றும். ஊதா குறைந்தால் அணுக்கள் செத்தன என்று பொருள் கொள்வார்கள். முதல் சங்கடம் இங்கேயே தொடங்குகிறது. தேயிலைச் சத்து முதலிய பல தாவரச் சத்துக்கள், அணு ஒன்றுமே இல்லாத குழியிலும் தாமாகவே அந்த உப்பை ஊதாவாக்கிவிடும் இயல்புடையவை; குர்குமினோ தானே நிறமுள்ள பொருள். அணு இல்லாத குழியில் சத்தை மட்டும் விட்டுப் பார்த்தோம் என்ற ஒரு வாக்கியம் கட்டுரையில் இல்லாவிட்டால், ஆய்வுமுறையைத் தாண்டி மேலே படிக்க எனக்கு மனம் வருவதில்லை.

இரண்டாவது சங்கடம் பெரியது. அக்குழிகளில் குர்குமினைப் பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரோமோலார் வரையில் விடுகிறார்கள். தைவானில் நடந்த ஆராய்ச்சியில், மனிதர்களுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் குர்குமின் கொடுத்தபோது ரத்தத்தில் ஏறிய உச்ச அளவு சராசரி 2 மைக்ரோமோலாரைக்கூட எட்டவில்லை. எட்டு கிராம் குர்குமின் என்றால் என்ன? மஞ்சள்தூளில் அது நூற்றுக்கு மூன்று பங்கு என்று வைத்துக்கொண்டால், தினந்தோறும் கால் கிலோவுக்கு மேற்பட்ட மஞ்சள்தூளின் சத்து. குழம்பில் போடும் அரைக் கரண்டியை வைத்துக்கொண்டு நாம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை இல்லத்தரசிகள் கணக்கிட்டுக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, ரத்தத்தின் காரத்தன்மையை ஒத்த வெறும் கரைசலில் வைத்தால் அரைமணி நேரத்தில் குர்குமினில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துபோகிறது. குடலும் கல்லீரலும் வேறு அதை உருமாற்றி வெளியேற்றுகின்றன.

இங்கே மிளகு வருகிறது. 1998 இல் பெங்களூரில் செய்த ஆராய்ச்சியொன்றில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பிப்பரினை 20 மில்லிகிராம் மட்டும் சேர்த்தபோது, மனித உடலில் குர்குமின் கிடைக்கும் அளவு 20 மடங்கு கூடிற்று. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகத்தைப் பல ஔஷதங்களில் நம் முன்னோர் கூட்டியதன் காரணத்தை ஆராயப் புகுந்த ஜம்மு ஆராய்ச்சிக்கூடத்தின் வழியில், பிப்பரின் சேர்ந்த காசநோய் மாத்திரையே நம் நாட்டில் வெளிவந்திருக்கிறது. 450 மில்லிகிராம் ரிஃபாம்பிசின் செய்யும் வேலையை, பிப்பரின் துணையோடு 200 மில்லிகிராம் செய்கிறது. துணை வலுத்தால் தலைமை மருந்தைக் குறைக்க வேண்டும் என்ற நியதி அந்த மாத்திரைக்குள்ளேயே அடங்கியிருப்பதைக் காண்க.

புற்றுநோய் விஷயத்தில் இந்த நியதியை மறந்துவிடுகிறோம். ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இளைஞர் ஒருவர் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு மாத்திரைப் புட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஐயா, அம்மாவுக்கு வியாழக்கிழமை மூணாவது கீமோ. இதைக் கூடவே கொடுத்தா மருந்து நல்லா வேலை செய்யும்னு சொல்றாங்க. கொடுக்கலாங்களா?"

புட்டியின் மேல் குர்குமின், பிப்பரின் இரண்டும் அச்சாகியிருந்தன. "அம்மாவுக்கு எந்த மருந்து ஏத்துறாங்க தம்பி?" என்றேன். சீட்டைக் காட்டினார், டோசிடாக்சல்.

"டாக்டர்கிட்ட இந்தப் புட்டியைக் காட்டுங்க. அவர் பார்த்துச் சொல்ற வரைக்கும் கொடுக்க வேண்டாம்."

அவர் முகம் சற்று வாடிற்று. மஞ்சளில் என்ன கெடுதல் என்று நினைத்திருப்பார். கெடுதல் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிப்பரின், முன்னே சொன்ன பம்பையும், கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் சி.ஒய்.பி. 3ஏ4 என்ற நொதியையும் தடுக்க வல்லது என்பது மனித அணுக்களில் காட்டப்பட்டிருக்கிறது. டோசிடாக்சலை உடல் கழித்துக்கட்டுவது அந்த நொதியைக் கொண்டுதான். குர்குமினை ஏற்றிவிடுவதற்காகச் சேர்த்த பொருள் கீமோ மருந்தையும் ஏற்றிவிட்டால், அந்த அம்மாளின் வெள்ளணுக்கள் எந்த அளவுக்கு வீழும் என்று முன்கூட்டிச் சொல்ல என்னால் இயலாது. ஆகவேதான் அப்படிச் சொன்னேன்.

4. துணை என்று வந்து தடையானவை

இதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு; அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோதபோடைட்டஸ் மரத்தில் காம்ப்டோதெசின் இருப்பதை 1972 இல் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும் வெளியிட்டார்கள். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் நெடுங்காலம் ரசாயனம் போதித்தவர். காம்ப்டோதெசினிலிருந்து பிறந்த இரினோடிக்கான் குடற்புற்றுக்கு வழங்குகிறது. மனச்சோர்வுக்காக ஐரோப்பியர்கள் உண்ணும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை இரினோடிக்கானோடு உட்கொண்ட நோயாளிகளை நெதர்லாந்தில் ஆராய்ந்து 2002 இல் வெளியிட்டார்கள்: உடலில் உண்மையாக வேலை செய்யும் மருந்துருவம் 42 சதவீதம் குறைந்துபோயிருந்தது. ஆராயப்பட்டவர்கள் ஐந்தே பேர். எனினும் மூலிகை உண்ட சுற்றில் அவர்களுடைய வெள்ளணுக்கள் குறைவாகவே வீழ்ந்தன. உடம்பு தேவலை, மூலிகை காப்பாற்றுகிறது என்று நோயாளி மகிழ்ந்திருக்கக்கூடும். மருந்து முழுதாகப் போய்ச் சேரவில்லை என்பதுதான் அந்தச் சுகத்தின் காரணம்.

பச்சைத் தேயிலையின் கதை இன்னும் விசித்திரமானது. மைலோமா என்னும் எலும்புமச்சைப் புற்றுக்கான போர்டிசோமிப்பின் வலிமையைத் தேயிலைச் சத்து கூட்டும் என்ற எதிர்பார்ப்போடு கலிபோர்னியாவில் சிலர் ஆராயப் புகுந்தார்கள். 2009 இல் அவர்கள் எழுத நேர்ந்ததோ வேறு: அம்மருந்திலுள்ள போரான் பகுதியைத் தேயிலைச் சத்து நேரே பற்றிக்கொண்டு, மருந்தைச் செயலற்றதாக்கிவிட்டது, எலிகளிலும் அப்படியே. போரான் இல்லாத அதே வகை மருந்துகளில் இந்தத் தடை தோன்றவில்லை. எதனோடு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் கண்டதில்லை.

5. முன்னும் பின்னும்

எப்போது என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. டாக்சாலையும் சிஸ்பிளாட்டினையும் ஒரே நாளில் கொடுப்பதானால் டாக்சாலே முதலில் போக வேண்டும். சிஸ்பிளாட்டினை முதலில் ஏற்றினால் டாக்சாலை உடல் கழிக்கும் வேகம் குறைந்து வெள்ளணுக்கள் அதிகமாகச் சாகின்றன என்று 1991 இலேயே எழுதப்பட்டுவிட்டது. மருந்துகள் அவையே, அளவுகள் அவையே. வரிசை மாறினால் பலன் மாறுகிறது.

வரிசையையே சிகிச்சையின் உயிராக வைத்த முயற்சி ஒன்று நம் நாட்டு மரத்திலிருந்து தொடங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வடகிழக்குக் காடுகளிலும் வளரும் டைசாக்சிலம் இனத்து மரமொன்றின் பட்டையிலிருந்து ரோஹிடுகின் என்ற பொருளைப் பம்பாயில் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடம் பிரித்தெடுத்து, 1988 இல் வெளியிட்டது. அதன் அமைப்பை மாற்றிச் செய்ததே ஃப்ளேவோபிரிடால். அணுப் பிரிவை நடத்திவைக்கும் நொதிகளைத் தடுக்கும் மருந்துகளில் மனிதருக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது இதுதான். தனியே கொடுத்தபோது பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. பிறகு அமெரிக்க மருத்துவர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். கடுமையான ரத்தப் புற்றில் முதல் மூன்று நாள் ஃப்ளேவோபிரிடால் மட்டும். அது பெரும்பகுதி அணுக்களைக் கொல்வதோடு, மிஞ்சியவற்றை அசையாமல் நிறுத்திவிடும். பிறகு இரண்டு நாள் சும்மா இருப்பது. தடை நீங்கிய அணுக்கள் ஒருமிக்கப் பிரியத் தொடங்கும். பிரியும் அணுவைத்தான் சைட்டராபின் நன்றாகக் கொல்லும். ஆறாம் நாளிலிருந்து மூன்று நாள் அது, ஒன்பதாம் நாள் மைட்டோசாந்த்ரோன்.

2015 இல் வெளியான ஒப்பீட்டில், இம்முறைப்படி சிகிச்சை பெற்றவர்களில் 70 சதவீதத்தினருக்கு நோய் முற்றிலும் தணிந்தது. வழக்கமான சிகிச்சையின் ஒரு சுற்றில் 46 சதவீதம். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் நோய் மிஞ்சியிருந்தோருக்கு இன்னொரு சுற்று கொடுத்தபோது அந்த 46, 57 ஆக உயர்ந்தது. ஆயுளிலோ இரு தரப்பாருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. வரிசை பற்றிய அந்த ஊகம் சரிதானா, அல்லது மருந்தின் மொத்த வலிமைதான் அந்த 70 ஐக் கொடுத்ததா என்பதை அறிய வேண்டுமானால், அதே மருந்துகளை அதே அளவில், இடையில் அந்த இரண்டு நாள் ஓய்வு இல்லாமல் ஒரு கூட்டத்தாருக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.